செண்பகத்துக்கு வார்த்த தீர்த்தம்

இடம் மாற்றி நட்ட மரம் இலையைக் கொட்டினால் பயப்படாதீர்கள். அது சாகவில்லை, சிக்கனம் பிடிக்கிறது. வேரில் பாதி வெட்டுப்பட்டு வந்திருக்கும்போது அத்தனை இலைக்கும் தண்ணீர் அனுப்ப அதனால் எப்படி முடியும்? அதைப் பார்த்துப் பதறிப்போய்க் குடம் குடமாகக் கொட்டுகிறவர்கள்தான் நல்ல மரத்தைச் சாகடிக்கிறார்கள். பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. அப்புறம் பொறுமையாக இருக்க வேண்டியதுதான்.

திருச்சானூரில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், மரத்தைப் பற்றி என்ன சந்தேகம் என்றாலும் குமுதவல்லியைக் கேளுங்கள் என்று. கோவிலுக்குத் தாயார் சேவைக்குப் போகிறவர்கள்கூட எங்கள் வாசல் செண்பகத்தைப் பார்த்துவிட்டு ஷேர் ஆட்டோவை நிறுத்தி இறங்கி வந்து விசாரிப்பதுண்டு. நானும் சலிக்காமல் சொல்வேன். ஆனால் பாதிதான் சொல்வேன். மீதியையும் சொல்லிவிடலாம் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. மனசு உறுத்துகிறது என்று நினைக்க வேண்டாம். இத்தனை நறுவிசாக ஒரு காரியத்தைச் செய்துவிட்டு அது ஒருத்தருக்கும் தெரியாமல் போவது சங்கடமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தச் செண்பகம் முதலில் குடிபாலாவில் என் வீட்டுக் கொல்லையில் நின்றது. வைத்தது நான். என் ஆத்துக்காரர் போன பிறகு வீட்டில் பேச ஆள் இல்லாமல் அதனிடம்தான் பேசிக்கொண்டிருந்தேன். பதில் சொல்லாது, எதிர்த்தும் பேசாது. கல்யாணம் பண்ணிக்கொண்டதைவிட அது சௌகரியமாக இருந்தது. அப்புறம் ரோட்டை அகலப்படுத்த வந்தார்கள். என் வீடு ரோட்டுக்குள் போயிற்று. எனக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. திருச்சானூரிலிருந்து தோதாத்ரி அண்ணா மன்னியோடு கிளம்பி வந்தார்.

"எங்களோட வந்து இரு, குமுதா" என்றார் அண்ணா.

"ஆமாம் குமுதா, கொஞ்ச நாள் இருந்துட்டுப் போ" என்றாள் பக்கத்தில் நின்ற வைஜயந்தி மன்னி.

இரண்டு பேரும் சொன்னது ஒன்றில்லை என்று எனக்குப் புரிந்தது. அண்ணாவுக்குப் புரியவில்லை. கோவில் கோஷ்டியில் காலமெல்லாம் நின்று சேவித்தவர், நாலாயிரப் பிரபந்தமும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். மன்னி பேசுவது மட்டும் விளங்காது. மன்னியைக் கெட்டவள் என்று சொல்லிவிடாதீர்கள். அவள் நல்லவள், அதுதான் கஷ்டம். சண்டைக்காரியாக இருந்தால் ஒரு நாள் நன்றாகக் கத்திவிட்டு ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். நல்லவளிடம் அதற்கு வழியில்லை.

கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று கேட்பது மரியாதை இல்லை. அதனால், மரத்தையும் கொண்டு வருகிறேன் என்றேன். செண்பகம் தாயாருக்கு உகந்த புஷ்பம் என்று அண்ணா பூரித்துப் போனார். மன்னியும் சிரித்தாள்.

"அதுக்கென்ன, பேஷா கொண்டு வா. மரம் வேர் பிடிக்கறவரைக்கும் நீ பக்கத்துல இருந்து பாத்துக்கோ. அப்புறம் சித்தூர்ல அந்த ஆச்ரமம் இருக்கே, உன் வயசுக்காரா நிறைய பேர் இருக்கா. காலம்பற பஜனை, சாயங்காலம் உபன்யாசம். போய்ட்டு வந்தவா எல்லாரும் அப்படிப் புகழறா."

முதியோர் இல்லத்துக்கு ஆசிரமம் என்று பெயர் வைத்தது மன்னிதான். அங்கே போய்விட்டுத் திரும்பி வந்தவர்கள் யார் என்று நான் கேட்கவில்லை.

பாலசமுத்திரத்திலிருந்து சண்முகம் ஆட்களோடு வந்து மரத்தைத் தோண்டினான். நர்சரி வைத்திருக்கிறவன், கெட்டிக்காரன். வேரோடு மண்ணை உருட்டி, சாக்கைச் சுற்றி, கயிற்றால் இறுக்கி, கிரேனில் தூக்கி லாரியில் படுக்க வைத்தான். வழி நெடுக போனில் எனக்கு நிலவரம் சொல்லிக்கொண்டே வந்தான். திருச்சானூரில் இறக்கும்போது என்னை ஓரமாக நிற்கச் சொன்னான்.

"ஒரு தபா பேத்து வச்சாச்சும்மா. இனிமே இத்த அசைக்கக் கூடாது. ரெண்டாவது தபா புடுங்கினா எந்த மரமும் தாங்காது."

அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். மரத்தைச் சொன்னான் என்று தெரியும். இருந்தாலும் கேட்டுக்கொண்டேன்.

நான் அதை வளர்த்த விதத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. பாதி இலையைக் கழித்தேன். தண்டுக்குச் சாக்கு சுற்றினேன். காற்றில் ஆடி இளவேர் அறுந்துவிடாமல் மூன்று பக்கமும் கழி ஊன்றித் தேங்காய்நார்க் கயிற்றைத் தளர்த்திக் கட்டினேன். அடியில் காய்ந்த சருகைப் பரப்பினேன், ஆனால் தண்டைத் தொடாமல் ஒரு கை தள்ளி. மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். எரு கிடையாது. சீக்காளிக்கு விருந்து போடக் கூடாது. ரேணிகுண்டாப் பக்கத்து அனல் காற்று அடித்தபோது என் நல்ல புடவை இரண்டைக் கிழித்துப் பந்தல் போட்டேன். அந்தப் புடவையை மன்னி அதற்கு முன்னாலேயே ஜாடையாகக் கேட்டிருந்தாள் என்பது வேறு விஷயம்.

ஒரு நாள் காலையில் கிளை நுனியில் பட்டுச் சுற்றின மாதிரி இருந்த மொக்கு பிரிந்து இலை விட்டது. நான் மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். கோலம் போட வந்த மன்னியும் பார்த்துவிட்டாள்.

"பிடிச்சுடுத்து குமுதா! அடி சமத்தே!" என்று என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். சொடக்குச் சத்தம் அடங்குவதற்குள் அடுத்ததையும் சொன்னாள். "ஹரிப்ரியாவுக்கு சீமந்தம் முடிஞ்சதும் இங்க அழைச்சுண்டு வந்துடணும். தலைப்பிரசவம், நம்ம ஆத்துலதானே பண்ணணும்? உன் ரூம்தான் நல்ல காத்தோட்டமா இருக்கு. உனக்கும் ஆச்ரமத்துல இடம் காலியா இருக்காம், உங்கண்ணாவை விட்டுக் கேக்கச் சொல்லிட்டேன்."

ஹரிப்ரியா அண்ணாவின் ஒரே பெண், பெங்களூரில் இருக்கிறாள். பரணிலிருந்து அவளுடைய பழைய தொட்டிலை இறக்கி மன்னி எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் மரத்தைப் பார்த்தேன். இவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

இப்போது எங்கள் அகத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆத்துப் பெருமாளுக்கு, அதாவது சாளக்கிராமத்துக்கு, பாலும் தயிரும் தேனும் மஞ்சளும் சேர்த்துத் திருமஞ்சனம் நடக்கும். அந்தத் தீர்த்தத்தில் நாங்கள் கொஞ்சம் சாப்பிடுவோம். மிச்சத்தைச் சாக்கடையில் விட முடியாது, யார் காலும் பட்டுவிடக் கூடாது. செடியடியில், மரத்தடியில் சேர்த்துவிடுவோம். அண்ணா ஏகாதசிக்கு மறுநாள் பாரணையன்றுதான் முழுத் திருமஞ்சனம் பண்ணுவார். மற்ற நாளில் சும்மா ஒரு உத்தரணிக் கரண்டி பால். அதனால் எந்த மரத்துக்கும் கெடுதல் வராது.

"மன்னி, ஹரிப்ரியா நல்லபடியா பெத்துப் பிழைக்கணும். அதுவரைக்கும் அண்ணா தினமும் பெருமாளுக்குப் பூர்ணமா திருமஞ்சனம் பண்ணினா என்ன?" என்றேன்.

மன்னிக்குக் கண் நிறைந்துவிட்டது. "உனக்குத்தான் குமுதா இப்படியெல்லாம் தோணும்" என்றாள்.

அது வாஸ்தவம். எனக்குத்தான் தோன்றும்.

மறுநாளிலிருந்து சொம்பு நிறையப் பால், கிண்ணம் நிறையத் தயிர், தேன், இளநீர், மஞ்சள் என்று அமர்க்களப்பட்டது. அண்ணா திருமஞ்சனம் பண்ணினார், மன்னி எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தாள். நான் தீர்த்தத்தைச் சுமந்துபோய் மரத்தடியில் சேர்த்தேன். என் பங்கு அவ்வளவுதான். பாலின் கொழுப்பு மண்ணில் இறங்கி வழியை அடைத்துவிடும். வேருக்குக் காற்றுப் போகாது. செண்பகத்துக்குக் காலடியில் ஈரம் தங்கினாலே ஆகாது, இதில் புளித்த ஈரம் வேறு. பெருமாள் பாத்திரத்தைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்க்கிறோமே, அந்தத் தண்ணீரும் கால் படுகிற இடத்தில் போகக் கூடாது என்று ஒரு நாள் சொல்லி வைத்தேன். அப்படி எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். மன்னியும் கேட்கவில்லை, அந்த உப்புத் தண்ணீரும் மரத்தடிக்கே வந்தது. சருகை எல்லாம் தண்டோடு அணைத்துக் குவித்தேன். தீர்த்தம் தெறிக்காமல் இருக்க வேண்டாமா?

இலை பழுக்க ஆரம்பித்ததும் அண்ணா பயந்துபோய் சண்முகத்தை வரவழைத்தார். அவன் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து மோந்தான்.

"இன்னாமா இது, மண்ணு மோரு வாசன வருது? வேரு மூச்சு வுட முடியாம கெடக்குது. இன்னாத்த ஊத்திக்கினு கீறீங்க?"

"பெருமாள் திருமஞ்சனத் தீர்த்தம்ப்பா" என்றேன்.

அடுத்த கணம் அவன் செருப்பைக் கழற்றிவிட்டான். கையிலிருந்த மண்ணைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான், கொஞ்சத்தைத் தலையிலும் போட்டுக்கொண்டான். "கோவிந்தா" என்றான். தொழில் தெரிந்தவன் வாய் அதோடு கட்டிப்போயிற்று. கிளம்பும்போதுதான் தயங்கித் தயங்கி, "தண்ணிய மட்டும் கொஞ்சம் கம்மி பண்ணுங்கம்மா" என்றான்.

"எதைக் குறைக்கச் சொல்றே? பாலையா, தயிரையா?"

"ஐயோ, நான் அத்த சொல்லலம்மா! பைப்புத் தண்ணிய சொன்னேன்."

பைப்புத் தண்ணீரை அன்றைக்கே நிறுத்திவிட்டேன். விஷயம் தெரிந்தவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்கிற குணம் எனக்கு உண்டு.

மரம் ஒரேயடியாக மொட்டையாயிற்று. எனக்கு வருத்தம் இல்லை என்று யாராவது சொன்னால் நாக்கு அழுகிவிடும். தினமும் நகத்தால் சுரண்டிப் பார்ப்பேன். பச்சை தெரிகிறவரைக்கும் தைரியம். கொஞ்சம் மங்கினால் அன்றைக்கு மட்டும் தீர்த்தத்தைப் பக்கத்து நந்தியாவட்டைக்குக் கொண்டுபோவேன். சாகவிடுவதற்கு நான் என்ன கொலைகாரியா?

கடைசியில் மன்னிதான் வாயைத் திறந்தாள். நான் திறக்கவே இல்லை.

"குமுதா, துளிர்த்த மரம் கண்ணெதிர்ல பட்டுப்போறதே. இந்த ஆத்துக்கு வயத்துப்பிள்ளைக்காரியைக் கூட்டிண்டு வரலாமோ?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லை மன்னி. மரத்துக்கும் மனுஷாளுக்கும் என்ன சம்பந்தம்? வீணா மனசைக் குழப்பிக்காதீங்கோ" என்றேன். இப்படி யாராவது தேற்றினால் மன்னிக்குப் பயம் இரட்டிப்பாகும். அவள் இந்த வீட்டு மருமகளாக வந்த நாளிலிருந்து அவளை எனக்குத் தெரியும்.

ஆக, தலைப்பிரசவம் பெங்களூரில், மன்னி அங்கே போய்ப் பார்ப்பது, அண்ணாவுக்குச் சமைத்துப் போட நான் இங்கேயே இருப்பது என்று முடிவாயிற்று. சம்பந்தி வீட்டார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். பெண்ணுக்குத் தாய்வீட்டில் ஒரு பிரசவம் பார்க்க நாதியில்லையா என்று காதுபடப் பேசினார்கள். மன்னி எல்லாவற்றையும் முழுங்கிக்கொண்டு லேகியமும் வசம்பும் கட்டி எடுத்துக்கொண்டாள். கிளம்புவதற்கு முன் தொட்டிலை மறுபடி பரணில் ஏற்றினோம். ஏற்றும்போது மன்னி விசித்து விசித்து அழுதாள். ஸ்டூல் ஆடாமல் நான்தான் பிடித்துக்கொண்டேன்.

அவள் போன மறுநாளே மரத்தடிக் கெட்ட மண்ணை வாரிக் கொட்டிவிட்டு, மணலும் அடுப்புக்கரியும் கலந்து போட்டேன். சருகை விலக்கினேன். அழுகின வேரை நறுக்கினேன். திருமஞ்சனம் மட்டும் குழந்தை பிறக்கிறவரை நடந்தது. தீர்த்தத்தை ஒரே இடத்தில் சேர்க்காமல் தோட்டம் பூரா பிரித்து விட்டேன். எது எதனால் வாடியது என்று தெரிந்திருந்தால் தேற்றுவது பெரிய வித்தை இல்லை. ஹரிப்ரியாவுக்குப் பெண் குழந்தை பிறந்த சமயத்தில் செண்பகம் மறுபடி துளிர்த்தது. நல்ல சகுனம் என்று போனில் மன்னி கூத்தாடினாள். எனக்கும் சந்தோஷம்தான். ரூம் காற்றோட்டமாக இருந்தது.

இதோடு முடிந்திருக்கும். அண்ணா சும்மா இருக்கவில்லை. பேத்தியின் கைக்கு வெள்ளிக் காப்பு வாங்கிக்கொண்டு வந்து பெட்டியை எடுத்து வைத்தார். "வைஜயந்தி என்னையும் வந்துடச் சொல்றா, குமுதா. ஹரிப்ரியா வேலைக்குத் திரும்பணும், குழந்தையைப் பாத்துக்க ஆள் வேணுமாம். ஆத்தைப் பூட்டாம வாடகைக்கு விட்டுடலாங்கறா. நீயும் ஆச்ரமத்துல சௌக்யமா இருப்பே. மரத்தைக் குடித்தனக்காரா பாத்துப்பா" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு குதூகலம். என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

அண்ணாவுக்குச் சர்க்கரை வியாதி உண்டு. மன்னி வாசற்படி தாண்டுகிறவரை அது அவளுக்குப் பயந்து அடங்கிக் கிடந்தது. கேழ்வரகு, கொள்ளு, பாகற்காய் என்று ஒடுக்கி வைத்திருந்தாள். நானும் அதையே செய்து போட்டேன். மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை, அதில் விளையாடுகிறவள் நான் இல்லை. ஆனால் சுகப்பிரசவம் ஆனதற்குப் பெருமாளுக்கு நன்றி சொல்ல வேண்டாமா? தினமும் அக்காரவடிசில் கண்டருளப் பண்ணுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். பச்சரிசியைப் பாலிலேயே குழைய விட்டு, வெல்லப்பாகு சேர்த்து, நெய்யை மிதக்க விட வேண்டும். கையில் எடுத்தால் முழங்கை வரை வழிய வேண்டும்.

"ஒரு துளி போறும் குமுதா" என்பார் அண்ணா, கையை நீட்டிக்கொண்டே.

"பெருமாள் கண்டருளின பிரசாதம்ணா. மிச்சம் வைக்கலாமோ?"

அவர் எப்படி வேண்டாம் என்பார்? கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டுக்கொள்வார். முதலில் பயந்து பயந்து சாப்பிட்டார். அப்புறம் தானாகவே இன்னொரு கரண்டி கேட்டார். இத்தனை வருஷம் அந்த நாக்கைக் காயப்போட்டிருந்தாளே மன்னி, பாவம் என்று எனக்குத் தோன்றியது.

ஊருக்குப் போகுமுன் தாயார் கோவிலை வலம் வந்தார். வெறும் கால், வெயிலில் கல் கொதிக்கிறது. உள்ளங்காலில் சின்னக் கொப்புளம். வேறு யாருக்காவது என்றால் நாலு நாளில் ஆறியிருக்கும். அண்ணாவுக்கு அது உடைந்து புண்ணாகி உள்ளே இறங்கிற்று. டாக்டர் துர்காதேவி காலைப் பார்த்துவிட்டு என் மேல் பாய்ந்தாள்.

"ஏன்ம்மா, சுகர் இந்த லெவலுக்கு ஏறியிருக்கு! ட்ராவலா? வத்து வத்து, வேண்டவே வேண்டாம். அடி வெக்கவே கூடாது, விரலையே எடுக்க வேண்டி வரும். ஸ்வீட் ஏதாச்சும் தின்றாரா?"

"ஸ்வீட்டா? கடையிலேர்ந்து ஒரு துண்டு மைசூர்பாகுகூட இந்த ஆத்துக்குள்ள வரதில்லை டாக்டர்" என்றேன். பொய் சொல்வது என் வழக்கம் இல்லை. பிரசாதத்தைப் போய் ஸ்வீட் என்று சொல்ல எனக்கு நாக்கும் எழாது.

பெட்டியை நான்தான் பிரித்து வேஷ்டிகளை மறுபடி அலமாரியில் அடுக்கினேன். மன்னி கைக்குழந்தையை விட்டுவிட்டு வர முடியாது. போனில் பேத்தி முகத்தைக் காட்டுவாள், அண்ணா போன் கண்ணாடியை முத்தமிடுவார். வெள்ளிக் காப்பை எடுத்துக் காட்டிக் கிலுக்குவார். நான் காலைக் கழுவிக் கட்டு மாற்றுவேன். "போன ஜன்மத்துல நீ எனக்கு அம்மாவா இருந்திருப்பே" என்றார் ஒரு நாள். "நீ மட்டும் அங்க இல்லேன்னா இவர் கதி என்ன ஆகியிருக்கும் குமுதா? உன்னைப் போயி அனுப்பப் பாத்தேனே, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்" என்று மன்னி போனில் கேவினாள். போகட்டும் மன்னி என்றேன். அவளை மன்னித்தும்விட்டேன். மனசில் எதையும் வைத்துக்கொள்கிறவள் நான் இல்லை.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். மரத்தை வாட்டினது நான். அந்தப் பெண்ணின் பிரசவத்தைத் தாய்வீட்டுக்கு வராமல் தடுத்தது நான். மன்னியை அவள் வீட்டிலிருந்து கிளப்பினதும், அண்ணாவின் காலைக் கட்டிப் போட்டதும் நான்தான். ஆனால் யாரும் கெட்டுப்போக வேண்டும் என்று இதில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை. ஒரு தடவை பிடுங்கி நட்டாயிற்று, இன்னொரு தடவை என்னால் முடியாது. அந்த ஆசிரமத்து நீளக் கூடத்தையும் வரிசையாகப் போட்ட கட்டில்களையும் அண்ணா ஒரு நாள் போட்டோவில் காட்டினபோது எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இருக்கச் சொல்லியிருப்பார்களோ என்னவோ. கேட்டு வாங்கிக்கொண்டு இருப்பது எனக்குப் பிடிக்காது.

எல்லாருக்கும் நல்லதாகத்தான் முடிந்திருக்கிறது, நீங்களே பாருங்கள். மரம் வாசல் பூரா பூத்துக் கொட்டுகிறது. அண்ணாவும் தேறிவிட்டார். என் வேண்டுதல் முடிந்துவிட்டது, நானும் மறுபடி கேழ்வரகுக்கே திரும்பிவிட்டேன். நேற்று டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தாள். புண் அழகாக மூடிப் புதுத் தோல் வந்துவிட்டது, அடுத்த வாரம் பெங்களூருக்குத் தாராளமாகப் போகலாம் என்றாள். அண்ணா குழந்தை மாதிரி கையைத் தட்டினார். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை பெரிய அனுக்கிரகம் பண்ணின பெருமாளுக்கு ஏதாவது செய்யாமல் இருக்கலாமோ? பால் அடுப்பில் இருக்கிறது, பொங்கிவிடும், நான் உள்ளே போகிறேன்.